கூரையின் கீழ் ஒரு நாற்றங்கால்

ஒரு ஹெக்டேர் நிலத்தில் தக்காளி பயிரிட எத்தனை விதைகள் வேண்டும்? வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால் ஏறத்தாழ 37,000 செடிகள் நடலாம். ஒரு கிராம் எடையில் சுமார் 300 தக்காளி விதைகள் இருக்கும். ஆகவே 125 கிராம் விதை போதும் என்று கணக்கு கூறுகிறது. ஆயினும், திறந்தவெளிப் பாத்தியில் நாற்றுவிடும் உழவருக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 300 முதல் 350 கிராம் வரை. அதாவது, மண்ணில் இடப்படும் ஐந்து விதைகளுள் இரண்டு மட்டுமே வயலில் செடியாக நிற்கின்றன. எஞ்சியவற்றுள் சில, வலுவற்ற நாற்றுகள் எனக் கழிக்கப்படுகின்றன. சில, பாடுவாசி நிரப்புவதற்காக ஒதுக்கப்படுகின்றன. மற்றவை எறும்புக்கும் மழைக்கும் வெயிலுக்கும் நாற்றழுகல் நோய்க்கும் இரையாகின்றன.

விதை மலிவாகவும், உழவரின் சொந்தக் களத்திலேயே கிடைப்பதாகவும் இருந்த காலத்தில் இந்த இழப்பை எவரும் இழப்பாகக் கருதவில்லை. இன்று வீரிய ஒட்டு விதை எண்ணி விற்கும் பொருளாகிவிட்டது. அதன் பரிந்துரை அளவு ஹெக்டேருக்கு 100 முதல் 150 கிராம்தான். ஒரு விதைக்கு ஒரு செடி என்ற கணக்கையே அது உழவரிடம் எதிர்பார்க்கிறது. இக்கணக்கு மெய்ப்பட வேண்டுமானால், விதையைத் திறந்தவெளியிலிருந்து ஒரு கூரையின் கீழ், அல்லது வீட்டின் சன்னலோரத்துக்கு, மூன்று நான்கு வாரங்கள் கொண்டுவர வேண்டியுள்ளது. இதனைப் புதிதாகத் தொடங்குவோர் எவ்வாறு செய்யலாம், இதில் அடங்கியுள்ள பொருளாதாரம் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சிறிய இடம், சிறிய காலம்

98 குழிகள் கொண்ட ஒரு நாற்றுத் தட்டு ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் நீளமும் 27 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே. அதே 98 செடிகள் வயலுக்குச் சென்றபின் 26 சதுர மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதாவது, நாற்றுப் பருவத்தில் ஒரு செடியைக் குளிரிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பதற்குத் தேவைப்படும் இடம், வளர்ந்தபின் தேவைப்படுவதில் 180-இல் ஒரு பங்குக்கும் குறைவு. வயல் முழுவதற்கும் வலை போடுவது சிறு விவசாயிக்கு இயலாத செயல். நாற்றங்காலுக்கு மட்டும் வலை போடுவது ஒரு பழைய சேலையின் அளவுக்குள் அடங்கிவிடும் காரியம்.

செடி மிகச் சிறிதாக இருக்கும்போது அதற்கு ஆபத்து மிக அதிகம். பாதுகாப்புச் செலவோ மிகக் குறைவு. செலவும் பயனும் இவ்வளவு சாதகமாக அமையும் கட்டம் பயிரின் வாழ்வில் வேறொன்று இல்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்னும் பழமொழியைக் குழந்தைகளைக் குறித்தே நாம் பெரும்பாலும் கூறுகிறோம். பயிரைக் குறித்தும் அது அப்படியே உண்மை.

மூன்று தோல்விகள் கற்பித்தவை

பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்த முதல் ஆண்டில், அரசுக் குடியிருப்பின் மாடி முகப்பில் தக்காளியும் மிளகாயும் வளர்க்க விரும்பினேன். தென்னாட்டுப் பழக்கத்தின்படி, ஜனவரி முதல் வாரத்தில் ஒரு மண்தொட்டியில் விதைத்து நீர் ஊற்றினேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. விதை கெட்டது என்று முடிவு செய்து, விற்றவரை மனத்துக்குள் கடிந்துகொண்டேன். தவறு விதையினுடையது அன்று. தில்லியில் ஜனவரி மாத இரவு வெப்பநிலை 7, 8 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்கிவிடும். தக்காளி விதை 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 6 நாட்களில் முளைக்கும். 20 டிகிரியில் 8 நாட்களும், 15 டிகிரியில் 14 நாட்களும் ஆகும். 10 டிகிரியில் 40 நாட்களுக்கு மேல் பிடிக்கும். மிளகாய் இன்னும் சுணக்கமானது. 25 டிகிரியில் 8 நாட்களில் முளைக்கும் மிளகாய், 15 டிகிரியில் 25 நாட்கள் எடுத்துக்கொள்ளும். இவ்வளவு நாள் ஈரமண்ணில் கிடக்கும் விதை அழுகிவிடுவதில் வியப்பில்லை.

இரண்டாம் முறை தட்டைச் சமையலறைக்குள், அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த மேடையில் வைத்தேன். ஒன்பதாம் நாள் முளை வந்தது. மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. நாற்றுகள் நூல்போல் வெளிறி நீண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. முளைப்பதற்கு வெப்பம் போதும்; முளைத்தபின் வளர்வதற்கு ஒளி வேண்டும். ஒளி கிடைக்காத நாற்று, தன் சேமிப்பு முழுவதையும் உயரத்திற்கே செலவிட்டு, தண்டையும் வேரையும் பட்டினி போடுகிறது.

மூன்றாம் முறை வெப்பமும் ஒளியும் சரியாக அமைந்தன. ஆனால், பாசத்தின் மிகுதியால் காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். ஒருநாள் காலையில் பார்த்தபோது, பாதி நாற்றுகள் மண்மட்டத்தில் தண்டு நைந்து வீழ்ந்து கிடந்தன. இதுவே நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசாக்டோனியா முதலிய பூஞ்சணங்கள் இதற்குக் காரணம். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த மண்ணில் இவை விரைந்து பரவும். ஒரே இரவில் ஒரு பாத்தி முழுவதையும் இழக்கும் உழவரின் நிலையை அன்று ஓரளவு உணர முடிந்தது. எனக்கு நட்டம் சில ரூபாய். அவருக்கோ, விதையின் விலையோடு மூன்று வார காலமும் நட்டம். விதையை மீண்டும் வாங்கலாம். பருவத்தை வாங்க இயலாது.

வெப்பம், ஒளி, ஈரமும் காற்றும் கலந்த சமநிலை ஆகிய மூன்றுமே வீட்டுக்குள் நாற்று வளர்ப்பதன் அடிப்படைகள். மற்றவை யாவும் இவற்றின் விரிவே.

தொடங்குவோர் செய்ய வேண்டியவை

முதற்கண் விதை. பொட்டலத்தின் மீதுள்ள சீட்டைப் படிக்காமல் விதை வாங்கக் கூடாது. பரிசோதித்த நாள், முளைப்புத் திறன், காலாவதி நாள் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். சான்று விதைக்கு நீலச் சீட்டும், உண்மைநிலை விதைக்குப் பச்சைச் சீட்டும் அடையாளம். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட தரங்களின்படி, தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம். மிளகாய்க்கு 60 சதவீதம். தரமான மிளகாய் விதையிலும் பத்துக்கு நான்கு முளைக்காமல் போகக்கூடும் என்பதை இதிலிருந்து அறியலாம். தொடக்கநிலையினர் பூசா ரூபி தக்காளி, பூசா ஜ்வாலா மிளகாய் போன்ற சாதாரண இரகங்களை வாங்குவது நலம். அவற்றிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு இரகத்தின் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடியின் குணம் மாறாமல் வராது.

கைவசமுள்ள விதை பழையதெனில், அதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இருபது விதைகளை ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் வைத்துப் பார்த்தால், எத்தனை முளைத்தன என்பது தெரிந்துவிடும். அதற்கேற்ப விதைக்கும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது மண். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளி வருவது நோயையும் உடன் அழைத்து வருவதாகும். மக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கும் மண்புழு உரம் ஒரு பங்கும் கலந்த கலவை ஏற்றது. கயிற்றுத் தொழில் நிறைந்த கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்னைப் பகுதிகளிலும் ஒரு காலத்தில் சாலையோரக் குவியலாக எரிக்கப்பட்ட இந்த நார்க்கழிவு, இன்று அழுத்திய கட்டிகளாக நாடெங்கும் விற்பனையாகிறது. நீரைப் பிடித்து வைத்துக்கொண்டே காற்றுக்கும் இடம் விடுவது இதன் சிறப்பு. இதில் உப்புத்தன்மை இருக்கக்கூடும் என்பதால், நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். இதில் ஊட்டச்சத்து மிகக் குறைவு. அதனை ஈடுகட்டவே மண்புழு உரம் சேர்க்கப்படுகிறது.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தயிர்க் கிண்ணம், காகிதத் தேநீர்க் குவளை, பால் உறை எதுவும் உதவும். அடியில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இது அரை சென்டிமீட்டர். ஆழமாகப் புதைத்த விதை வெளிச்சத்தைக் காணும் முன்பே வலுவிழக்கும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் அழுகல் நோய் குறையும். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவே போதுமானது. விதைத்த பின் தட்டைப் பாலிதீன் தாளால் மூடி, வீட்டின் வெதுவெதுப்பான மூலையில் வைக்க வேண்டும். வணிக நாற்றங்கால்களில் பத்துத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைப்பதும் இந்த வெதுவெதுப்புக்காகவே.

முதல் முளை தலைகாட்டிய அன்றே தாளை எடுத்துவிட்டுத் தட்டை வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். ஒருநாள் தாமதமும் நாற்றை நீளச் செய்துவிடும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய சன்னலே சிறந்தது. நாற்று ஒளியின் பக்கம் வளையும். ஆகையால் தட்டை நாள்தோறும் திருப்பி வைக்க வேண்டும். அத்தகைய சன்னல் இல்லாதவர்கள் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்றை நாற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடலாம். நாளொன்றுக்கு 15 மணி நேரம் எரித்தாலும் ஒரு மாதத்துக்கு 9 யூனிட் மின்சாரமே செலவாகும்.

நீர் ஊற்றுவதில்தான் அதிகப் பொறுமை தேவைப்படுகிறது. கலவையின் மேற்பரப்பு நிறம் வெளுத்து உலரத் தொடங்கிய பின்பே நீர் விட வேண்டும். தட்டை ஓர் அகன்ற தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தில் நீர் ஊற்றி, கால்மணி நேரத்தில் எஞ்சியதை வடித்துவிடுவது நல்ல முறை. வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும், தண்டு உலர்ந்திருக்கும். இரண்டு உண்மை இலைகள் வந்தபின், குழிக்கு ஒரு நாற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிட வேண்டும். பிடுங்கினால் அருகிலுள்ள நாற்றின் வேரும் அசையும்.

வெளியே பழக்குதல்

வீட்டுக்குள் வளர்ந்த நாற்று வெயிலையும் காற்றையும் அறியாதது. அதனை நேரே மண்ணில் நட்டால் இலை வெளுத்து வாடும். நடுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாகவே பழக்கத் தொடங்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பின்னர் காலை வெயிலில் இரண்டு மணி நேரம் எனப் படிப்படியாகக் கூட்டி, நீரையும் சற்றுக் குறைத்து வந்தால் தண்டு உறுதிப்படும். வெப்பமான பருவத்தில் தக்காளி நாற்று சுமார் 25 நாட்களிலும், மிளகாய் 35 முதல் 40 நாட்களிலும் நடவுக்கு ஆயத்தமாகும். வட மாநிலக் குளிரில் இது ஆறு, ஏழு வாரம் வரை நீளலாம். மாலையில் நடுவது நல்லது.

எல்லா விதைகளையும் வீட்டுக்குள் முளைக்க வைக்க வேண்டியதில்லை. முள்ளங்கி, கேரட் ஆகியவற்றின் வேரே விளைச்சல். இடம் மாற்றினால் அது கோணிக் கிளைத்துவிடும். வெண்டை, அவரை, கீரை ஆகியவற்றையும் நேராக விதைப்பதே சிக்கனம். வெள்ளரி, சுரை, பீர்க்கு ஆகியவை வேர் அசைந்தால் தாங்கா. தனித்தனிப் பைகளில் வளர்த்து மண்கட்டியுடன் நட வேண்டும். டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ சிறு பாலிதீன் பைகளில் இவற்றை விதைத்து, பாலிதீன் கூரையின் கீழ் வளர்த்து, பிப்ரவரியில் வயலில் நடும் முறை வடநாட்டுச் சமவெளிகளில் நடைமுறையில் உள்ளது. நேரடியாக விதைப்பவரைவிட முன்னதாகச் சந்தைக்கு வரும் காய்க்கு நல்ல விலை கிடைப்பதே இதன் ஆதாயம்.

இடத்துக்கு இடம் கூரையின் பயன் மாறுபடும். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே பகுதியில், சில மாதங்களே நீடிக்கும் கோடையை நீட்டிக்கக் கூரை தேவைப்படுகிறது. கங்கைச் சமவெளியில் அது குளிருக்குத் தடுப்பு. தென்னாட்டில் குளிர் ஒரு பொருட்டன்று; அங்குக் கூரையும் வலையும் அடைமழைக்கும் கடும் வெயிலுக்கும், இலைச்சுருட்டு நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈக்கும் தடுப்பாகின்றன. காரணங்கள் வேறு, கோட்பாடு ஒன்றே.

திட்டமிடுவோர் கவனத்துக்கு

ஓர் ஏக்கருக்கு 15,000 தக்காளிச் செடிகள் வேண்டும். நூற்றுக்கு 90 விதைகள் செடியாகுமானால் 16,700 விதைகள் போதும். 60 மட்டுமே செடியாகுமானால் 25,000 தேவை. இந்த 8,300 விதைகளின் விலை, ஒரு சிறு விவசாயி தம் நாற்றங்காலின் குறைபாட்டிற்காக ஆண்டுதோறும் செலுத்தும் கண்ணுக்குத் தெரியாத வரியாகும். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நிலவுடைமைகளுள் ஏறத்தாழ 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்குக் குறைவானவை. இவ்வரியின் சுமை எவர்மீது விழுகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். கிராமத்துக்கு ஒரு தட்டு நாற்றங்கால் இருப்பின் இச்சுமை குறையும். நிலமில்லாத பெண்கள் சுய உதவிக் குழுக்களாக இதனை நடத்தலாம். வீட்டு முற்றத்தின் ஒரு மூலையில் 100 தட்டுகளைப் பரப்பினால், ஏறத்தாழ 14 சதுர மீட்டரில் 9,800 நாற்றுகள் வளரும். 2011-இல் அரியானாவின் கரோண்டாவில் இந்திய–இஸ்ரேல் ஒத்துழைப்பில் தொடங்கப்பட்ட காய்கறிச் சிறப்பு மையம், மண்ணில்லா ஊடகத்தில் நாற்று வளர்த்து உழவர்க்கு அளிக்கும் முறைக்கு ஒரு முன்னோடி. முற்றத்து நாற்றங்கால் அதன் சிறிய வடிவமே.

வீட்டுத் தோட்டத் திட்டங்களிலும் இக்கருத்துப் பொருந்தும். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டது. இத்தகைய திட்டங்களில் விதைப் பொட்டலங்களை வழங்குவது எளிது. வழங்கிய எண்ணிக்கையை அறிக்கையில் காட்டுவது அதனினும் எளிது. ஆனால், வட மாநிலங்களில் நாற்றுவிடும் ஜனவரியில்தான் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இரண்டு வாரங்களில் தட்டு முழுவதும் காய்ந்துவிடும். மாணவர் ஒருவருக்கு ஒரு குவளையாக நாற்றைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அதே விடுமுறை பாதுகாப்பாக மாறிவிடும். இதற்குத் தனி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. பருவத்தையும் நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். எத்தனை பொட்டலங்கள் தரப்பட்டன என்பதைவிட, அறுபதாம் நாளில் எத்தனை செடிகள் உயிருடன் நின்றன என்பதே அறிக்கையில் இடம்பெறத் தகுந்த எண்.

வீட்டுத் தட்டுகளுக்கு அளவுமீறிய பெருமை சேர்க்கவும் வேண்டியதில்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை வெகுவாக உயர்ந்து, தலைநகரில் அரசின் ஏற்பாட்டில் கிலோ 90 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அத்தகைய ஏற்றத்தைச் சன்னலோரத்துப் பத்துச் செடிகள் தடுத்துவிடா. ஆயினும், ஒரு விதையை முளைக்க வைத்துக் காப்பாற்றிய மாணவர், வருங்காலத்தில் அலுவலராகக் கோப்பில் கையெழுத்திடும்போது, நாற்றங்காலுக்கு ஒதுக்கப்படும் தொகை எதற்கு என்று கேட்கமாட்டார்.

என் நான்காம் முயற்சியில் இருபது மிளகாய் விதைகள் இட்டேன், பதினாறு முளைத்தன, பதினான்கு, தொட்டிகளில் காய்த்தன. முதல் ஆண்டு நான் குறை கூறிய விதையும் இதே கடையில் வாங்கியதுதான்.